சங்கீதம் தேடி வந்த மாணவர்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை. மயிலாப்பூர் மாட வீதிகளில் திருவெம்பாவை பாடிச் சென்ற கோஷ்டியின் ஜாலரா ஒலி தெருக்கோடியில் தேய்ந்துகொண்டிருந்தது. என் நெடுநாளைய நண்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் முகத்தில் களை இருந்தது. பேச்சில் துடிப்பு இருந்தது. தந்தையின் முகத்திலோ கவலை குடிகொண்டிருந்தது.

"இவனுக்கு நீங்கள்தான் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். பாட்டு என்கிறான், ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறான், போன இடத்திலெல்லாம் யாரையாவது சிநேகம் பிடித்துக்கொண்டு வருகிறான். மூன்றில் ஒன்று இருந்தாலே படிப்புக்கு இடைஞ்சல். இவனுக்கு மூன்றும் இருக்கின்றன" என்றார் நண்பர்.

பையன் சளைக்கவில்லை. "மாமா, இந்த மாதம் மட்டும் முப்பது கச்சேரிகள் கேட்டுவிட்டேன். காலையில் மியூசிக் அகாடமி, மத்தியானம் தியாகராய நகர், சாயங்காலம் மயிலாப்பூர். சபா காண்டீனில் எத்தனை பேருடைய பழக்கம் ஏற்பட்டது தெரியுமா? டொரான்டோவிலிருந்து வந்தவர்கள், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் இப்போது என் நண்பர்கள்" என்று சொல்லித் தன் கைபேசியைத் திறந்து காட்டினான். பெயர்கள் வரிசை வரிசையாக ஓடின.

"நல்லது. கேட்ட முப்பது கச்சேரிகளில் உன் மனத்தை விட்டுப் போகாமல் தங்கியிருக்கும் ராகம் எது?" என்று கேட்டேன். பையன் யோசித்தான். எந்தக் கச்சேரியில் யார் அருகில் உட்கார்ந்தார் என்பது அவனுக்கு நினைவிருந்தது. எந்த சபாவில் அடை அவியல் நன்றாக இருந்தது என்பதும் நினைவிருந்தது. ராகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. "பாட்டுக் கற்றுக்கொண்டதுண்டா?" என்றேன். "சின்ன வயதில் ஜண்டை வரிசை வரையில். அப்புறம் விட்டுவிட்டேன்" என்று தலை குனிந்தான்.

அன்பர்களே, அந்தப் பையனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவனிடம் இருந்த ஆர்வம் பொய்யானதன்று. அது ஓடுகிற தண்ணீராக இருந்தது. தேங்குவதற்கு ஒரு குளம் வெட்டப்படவில்லை. அவ்வளவுதான். ஆகவே புத்தி சொல்வதற்குப் பதிலாக, இதே மூன்று ஆசைகளையும் உடையவராய் இந்தச் சென்னைக்கு வந்த வேறொரு மாணவரின் கதையை அவனுக்குச் சொன்னேன். அக்கதையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் இளமையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஒரு நாள் அதில் 'எந்தரோ மஹானுபாவுலு' என்ற ஸ்ரீராகக் கீர்த்தனை ஒலித்தது. கனிந்த ஆண் குரல். அவசரமில்லாத காலப் பிரமாணம். வார்த்தைகள் மென்று விழுங்கப்படாமல் தெளிவாக வந்தன. என் தாயார் அடுக்களை வேலையை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரை அறிவித்தார்கள். ஜான் ஹிக்கின்ஸ் என்றார்கள். எங்களுக்குச் சற்று நேரம் ஒன்றும் புரியவில்லை. வானொலிக்கு மனிதனுடைய நிறம் தெரியாது. அது குரலை மட்டும்தான் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. பாடியவர் வெள்ளைக்காரர் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் நாங்கள் அந்தப் பாட்டை அவ்விதம் கேட்டிருப்போமா என்பது சந்தேகந்தான்.

ஜான் ஹிக்கின்ஸ் 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஆண்டோவர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். தாய் சங்கீதம் கற்பித்தவர். கனெக்டிகட் மாகாணத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே சங்கீதத்தையும் சரித்திரத்தையும் முக்கிய பாடங்களாக எடுத்துக்கொண்டு 1962-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1964-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மேனாட்டுச் சங்கீதத்தில் பயிற்சியுள்ள குரல், நல்ல குடும்பம், நல்ல கல்வி. அந்த வழியிலேயே சென்றிருந்தால் அவர் சௌக்கியமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரௌன் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் நம் மிருதங்கத்தைக் கற்று, அதைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். அவருடன் சேர்ந்து, நம் ஊர் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதன் அங்கே வகுப்பு நடத்தினார். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற கை அது. அந்த வகுப்பில்தான் இளைஞர் ஹிக்கின்ஸ் கர்நாடக சங்கீதத்தின் சுவையை அறிந்தார். ஒரு முறை சுவைத்தபின் அவரால் அதை ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள இயலவில்லை. ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு, ரங்கநாதனின் சகோதரரும் புல்லாங்குழல் வித்துவானுமான டி. விசுவநாதனிடம் நேரில் கற்பதற்காகச் சென்னைக்குப் புறப்பட்டார்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். மாணவர் கடல் கடந்து வருவதற்கு முன்பே ஆசிரியர் கடல் கடந்து சென்றிருக்கிறார். விசுவநாதன் சிறு வயதில் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்றவர். வித்துவானாகப் பெயர் எடுத்தபின், 1958-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு மாணவராகவே சென்றார். பல தேசத்துச் சங்கீதங்களை ஒப்பிட்டு ஆராயும் துறையில் அங்கே இரண்டு ஆண்டுகள் கழித்தார். திரும்பி வந்து 1961 முதல் 1965 வரையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறைக்குத் தலைமை வகித்தார். அவருக்கு முன் அத்துறையை நடத்திய பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியும் 1931-இல் ஜெர்மனியில் மியூனிக் நகருக்குச் சென்று மேனாட்டுச் சங்கீதம் பயின்றவரே. தெரியாத ஊரில், தெரியாத பாஷைக்கு நடுவில், தெரியாத சங்கீதத்தின் முன் மாணவராக உட்காருவது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் இவர்கள். அந்நிய மாணவர் ஒருவர் வாசலில் வந்து நின்றபோது அவரை வரவேற்கும் பக்குவம் நம் சென்னைக்கு இவ்வாறு கிடைத்தது.

அறுபதுகளின் நடுவில் அந்த இளைஞர் கண்ட சென்னையை எண்ணிப் பாருங்கள். மியூசிக் அகாடமியின் புதிய மண்டபம் 1962-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் கலாக்ஷேத்திரம் அடையாற்றிலிருந்து திருவான்மியூர் மணல்வெளிக்குக் குடிபெயர்ந்தது. தியாகராய நகரில் 1953-இல் தொடங்கிய கிருஷ்ண கான சபை வளர்ந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் வாழ்ந்துகொண்டிருந்தார். மார்கழி விடியற்காலைகளில் மாட வீதிகளில் அவர் நடத்திய பஜனை பெயர்பெற்றது. கேட்பதற்கு அன்றும் பஞ்சமில்லை. நம் பையனைப் போல ஒரே நாளில் மூன்று சபாக்களுக்கு ஓடியிருந்தாலும் ஹிக்கின்ஸுக்குப் பொழுது இனிமையாகவே கழிந்திருக்கும். ஊருக்குத் திரும்பி ஒரு பிரயாணக் கட்டுரை எழுதியிருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த வழி வேறு. ஒரு குருவின் முன்னே தரையில் அமர்ந்தார்.

நேயர்களில் சிலருக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாமலிருக்கலாம். ஏற்கெனவே சங்கீதம் தெரிந்தவர், இன்னொரு சங்கீதத்தைக் கற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். உண்மையில் கஷ்டமே அங்குதான் இருக்கிறது. ஒன்றும் தெரியாத குழந்தை புதிதாகக் கற்றால் போதும். தெரிந்தவரோ முதலில் தமக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைக்க வேண்டும்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம் பேசுகிறது. அந்த ஸ்வரம் தன் இடத்தில் நின்றபடி ஒலிக்கும். அதை அசைக்க வழி இல்லை. நம் வீணையில் 24 மெட்டுகள் உண்டு. அவற்றில் ஏதேனும் ஒரு மெட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அந்த ஓரிடத்திலிருந்தே அடுத்த ஸ்வரத்தின் சாயலும் அதற்கு அடுத்ததன் சாயலும் வந்துவிடும். இதைத்தான் கமகம் என்கிறோம். தோடி ராகத்துக் காந்தாரத்தை யாராவது அசைக்காமல் ஒரே நீட்டாகப் பிடித்தால் அது தோடியாகவே இராது. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் மேனாட்டார் மேஜர் ஸ்கேல் என்று கூறும் ஸ்வரங்களும் ஸ்தானத்தில் ஒன்றே. ஆயினும் ஏணிப் படியில் கால் வைத்து ஏறுவது போல அவற்றைப் பாடிக்கொண்டு போனால் சங்கராபரணத்தின் எலும்பு கிடைக்கும், உயிர் கிடைக்காது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்குப் போகிற வழியில்தான் ராகம் இருக்கிறது.

அந்த வழியை எந்தப் புத்தகத்தாலும் முழுவதும் எழுதிக் காட்ட முடியாது. மேனாட்டு மாணவர் ஸ்வரக் குறிப்பு எழுதிய தாளைப் பார்த்துப் பாடிப் பழகியவர். நம்மிடத்தில் ஸ்வரக் குறிப்பு வெறும் ஞாபகக் குறி. அதைப் பார்த்துப் பாடியதால் மட்டும் யாரும் பாடகராகிவிடவில்லை. குரு ஒரு சங்கதியைப் பாடுகிறார், சீடன் திருப்பிப் பாடுகிறான், சரியில்லை, மறுபடியும் குரு பாடுகிறார். பத்து முறை, இருபது முறை இது நடக்கும். கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆதி தாளமென்றால் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை. ஆக எட்டு அட்சரம். குரல் ஒரு வழியில் போக, கை தன் வழியில் தவறாமல் போக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக சாகித்தியம் இருக்கிறது. தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ், கன்னடம் என்று நான்கு பாஷைகளின் சொற்களை, ஆங்கிலம் பேசிப் பழகிய நாவினால் பதம் பிரித்து, குறில் நெடில் பிசகாமல் சொல்ல வேண்டும். நம் ழகரத்தையும் ளகரத்தையும் நம்மவரே குழப்புகிற காலம் இது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனையையும் அந்த இளைஞர் செய்தார். சில காலப் பயிற்சிக்குள்ளாகவே திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. காவேரிக் கரையில், தியாகராஜ சுவாமிகளின் சமாதியருகே, வித்துவான்களும் ரசிகர்களும் கூடியிருந்த இடத்தில் பாடினார். கேட்டவர்கள் பாராட்டினார்கள். நாளடைவில் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே ஊர் அழைக்கலாயிற்று. அவர் பாடிய இசைத்தட்டுகள் வெளியாயின. 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்ற கன்னடப் பாட்டை அவர் குரலில் கேட்டு உருகியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் கைதட்டலில் இரண்டு வகை உண்டு. கிளி பேசினால் நாம் கைதட்டுகிறோம். கிளி என்ன பேசியது என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கிளி பேசியதே என்ற வியப்புத்தான். வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு ஸ்ரீராகம் பாடினால் எழும் முதல் கைதட்டல் அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது வகைக் கைதட்டல் பாட்டுக்காக எழுவது. முதல் கைதட்டல் எளிதில் கிடைக்கும்; அதிலேயே திருப்தியடைந்து நின்றுவிடுவதும் எளிது. ஹிக்கின்ஸ் அவ்வாறு நிற்கவில்லை. திருவையாற்றுப் பாராட்டுக்குப் பிறகும் அவர் மாணவராகவே இருந்தார். விசுவநாதனிடம் கற்பதைத் தொடர்ந்தார். பின்னர் அவருடைய தமக்கையார், பரத நாட்டியப் பேரரசியாகிய டி. பாலசரஸ்வதியிடமும் சீடராக அமர்ந்தார். பரத நாட்டியத்துக்குரிய சங்கீதத்தையே தம் ஆராய்ச்சிப் பொருளாக்கி 1973-இல் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் கைதட்டலிலிருந்து இரண்டாவது கைதட்டலுக்குச் செல்ல அவருக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அவர் சென்று சேர்ந்த குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலசரஸ்வதி, ரங்கநாதன், விசுவநாதன் ஆகிய மூவரும் ஜயம்மாளின் மக்கள். வீணை தனம்மாளின் பேரர்கள். தனம்மாள் 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நடக்கும் வீணை விருந்துக்குப் பெரிய பெரிய வித்துவான்களும் வந்து, மூச்சு விடும் ஓசைகூடக் கேளாமல் அமர்ந்திருப்பார்களாம். அது தேவதாசி மரபில் வந்த குடும்பம். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. வேண்டிய சீர்திருத்தமே அது. ஆயினும் அந்த வழக்கத்தைக் கண்டித்தவர்களிலே பலர், அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்த பதங்களையும் ஜாவளிகளையும் அபிநயத்தையும்கூட ஏளனமாகப் பார்த்தார்கள். கலை வேண்டும், அதைக் காத்தவர்கள் வேண்டாம் என்ற மனப்பான்மை நம் நகரத்தில் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் இருக்கலாம். ஒப்புக்கொள்ளாமலிருப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

திருவையாற்றிலும் இதே கதைதான். தியாகராஜரின் சமாதிக்கு 1920-களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஆலயம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் அதே மரபில் வந்த பெண்மணி. அவர் கட்டிய சந்நிதியில் பெண்கள் பாடுவதற்கு ஆராதனையை நடத்தியவர்கள் இடங்கொடுக்கவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்திப் போராடிய பிறகே அந்த உரிமை கிடைத்தது. ஆகவே, தொலைதேசத்து இளைஞர் ஒருவர் அந்தச் சந்நிதியில் பாடியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, நம் வீட்டுப் பெண்கள் அங்கே பாடுவதற்கு எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹிக்கின்ஸுக்கு இந்த ஏளனம் இல்லை. ஞானம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார வேண்டும் என்பது ஒன்றே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பமும் அவரை வேற்று மனிதராக நினைத்து வாசலோடு அனுப்பிவிடவில்லை. ஊரார் தம்மை எப்படி நடத்தினார்கள் என்பதை அறிந்தவர்கள், பிறருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் அமெரிக்கர் வந்தபின் ஏற்பட்ட புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னையருகே வாழ்ந்த ராமசுவாமி தீட்சிதரின் மக்களைப் பாருங்கள். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகியைப் பின்தொடர்ந்து காசிக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கே தங்கி, வடநாட்டுச் சங்கீதத்தைச் செவியாரக் கேட்டு வந்தார். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். இன்று பிடில் இல்லாமல் நமக்குக் கச்சேரி உண்டா? அன்று அந்த இளைஞர் அந்நிய வாத்தியம் என்று ஒதுக்கியிருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம்! முத்துசுவாமி தீட்சிதரோ ஐரோப்பியர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் என்று அவற்றைக் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். அந்த தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமிருந்து தனம்மாள் கற்றார். தனம்மாளின் சொத்து அவர் பேரர்களுக்கு வந்தது. பேரர்களிடமிருந்து அமெரிக்க மாணவருக்குப் போயிற்று. ஒருவர் பிரயாணம் முடிந்த இடத்தில் இன்னொருவர் பிரயாணம் தொடங்குகிறது.

ஹிக்கின்ஸ் தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1971-இல் கனடாவில் டொரான்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில், மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய சங்கீதப் படிப்பைத் தொடங்கினார். அந்தச் சங்கரனுக்கே 2011-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அளித்தது. 1978-இல் ஹிக்கின்ஸ் தாம் படித்த வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அப்போது அங்கே அவருடைய குருவான விசுவநாதனும் கற்பித்துக்கொண்டிருந்தார். சென்னையில் குருவின் முன்னே அமர்ந்த மாணவர், தம் சொந்த நாட்டில் அதே குருவோடு ஒரே கல்விச்சாலையில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1984-ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடிய ஆண்டு. பிப்ரவரி மாதத்தில் பாலசரஸ்வதி காலமானார். டிசம்பர் 7-ஆம் தேதி, நம் ஊரில் சங்கீத விழாக்களுக்குப் பந்தல் போடும் நாட்களில், மோதிவிட்டு நிற்காமல் ஓடிய ஒரு வாகனத்தால் ஹிக்கின்ஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது 45. பாடகருக்கு அது குரல் கனிந்து வரும் வயது. இன்னும் முப்பது ஆண்டுகள் அவர் பாடியிருக்கலாம், கற்பித்திருக்கலாம். அந்த நஷ்டத்துக்கு ஈடில்லை. எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகளும், அவர் கற்பித்த மாணவர்களும்தாம்.

இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் நம் பையன், "அப்படியானால் நான் ஊர் சுற்றக் கூடாது, சிநேகம் பிடிக்கக் கூடாது, ஒரே இடத்தில் உட்கார்ந்து பாட வேண்டும், அப்படித்தானே மாமா?" என்று கேட்டான். தந்தையும் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படி இல்லை, குழந்தை. உன் மூன்று ஆசைகளும் நல்ல ஆசைகளே. ஆனால் அவை மூன்றும் தனித்தனியே மூன்று திசையில் ஓடுகின்றன. ஹிக்கின்ஸ் பிரயாணம் செய்தது சங்கீதத்துக்காக. அவருக்கு மனிதர்கள் உறவானதும் சங்கீதத்தால்தான். டொரான்டோக்காரரின் பெயர் உன் கைபேசியில் இருக்கிறது, சந்தோஷம். அவரோடு உட்கார்ந்து ஒரு வர்ணத்தை முதல் காலமும் இரண்டாம் காலமும் பிசகாமல் உன்னால் பாட முடிந்தால், அப்புறம் அவர் உன்னை மறக்கமாட்டார். நீயும் அவரை மறக்கமாட்டாய். ஊர் ஊராகப் போ. போகிற இடத்தில் பார்வையாளனாக நிற்காமல் மாணவனாக உட்கார்" என்றேன்.

பிறகு நண்பரைப் பார்த்துச் சொன்னேன்: "உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வம் பையனிடம் இருக்கிறது. அது தேங்க ஒரு குளம் வேண்டும். அந்தக் குளத்தை வெட்டுவது பெரியவர்கள் பொறுப்பு. விசுவநாதன் கதவைத் திறக்காதிருந்தால் ஹிக்கின்ஸ் என்ன செய்திருக்க முடியும்?"

இதை நம் நகரத்தார் எல்லோருக்குமே சொல்லலாம். யுனெஸ்கோ ஸ்தாபனம் 2017-இல் சென்னையைச் சங்கீதத்துக்குரிய படைப்பு நகரங்களின் வரிசையில் சேர்த்தது. கௌரவம் பெரிதுதான். ஆனால் சபாக்களின் எண்ணிக்கையால் மட்டும் ஒரு நகரம் சங்கீத நகரமாகிவிடாது. சங்கீதம் தேடி வாசலில் வந்து நிற்கிற மாணவன் எந்தத் தேசத்தவனாயினும், எந்தக் குலத்தவனாயினும், எந்தத் தெருவில் பிறந்தவனாயினும், உள்ளே வா என்று சொல்லிப் பாயை விரிக்கிற வீடுகள் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் கணக்கெடுக்க வேண்டும். சபா மண்டபத்தில் வாங்கும் நுழைவுச் சீட்டு ஒரு மாலைப் பொழுதுக்கு உதவும். வீட்டில் விரிக்கும் பாய் ஒரு தலைமுறைக்கு உதவும்.

தை பிறந்து சில வாரங்கள் ஆயின. என் நண்பர் மறுபடியும் வந்தார். இம்முறை தனியாக வந்தார். முகத்தில் புதிய கவலை ஒன்று இருந்தது. "விடியற்காலை ஐந்து மணிக்குச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அடையாற்றில் ஓர் அம்மாளிடம் சேர்ந்திருக்கிறான். அவர் வர்ணமும் வேண்டாம், கீர்த்தனையும் வேண்டாம் என்று, பழையபடி ஜண்டை வரிசையிலிருந்து தொடங்கிவிட்டார். ஒரே வரிசையை நாற்பது தடவை பாடுகிறான். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை" என்றார்.

"அடுத்த வீட்டுக்காரர்கள் ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேட்கிறீர்கள்? அவர்களுடைய பெண்ணும் நாளை முதல் கூட வந்து உட்காரப் போகிறாளாம்" என்றார். குறையாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது அவர் சிரித்துவிட்டார்.